சென்சார் வெட்டாத முடிவு

அல் கோபாரில் ஷியாமளாவின் வீட்டில் எது குறைந்தாலும் பழி சென்சார் மேல்தான் விழும். பாயசத்தில் முந்திரியைக் காணோம் என்றால் சென்சார். மகன் வருணின் காலுறையில் ஒன்று தொலைந்தால் சென்சார். புதிதாக வருகிறவர்கள் இந்த வீட்டில் எல்லாருக்கும் மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அந்தக் காலத்தில் சவூதியில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்காது. ஊரிலிருந்து வரும் வாரப் பத்திரிகையின் அட்டையில் நடிகையின் தோளுக்கும் இடுப்புக்கும் கறுப்பு மை பூசியிருக்கும். தொடர்கதையில் கதாநாயகி ரயிலை விட்டு இறங்குவாள், அடுத்த தாள் இருக்காது. யாரிடம் போய்க் கேட்பது? மீதிக் கதையை நாமே வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டியதுதான்.

ஷியாமளா திருச்சிக்காரி. இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, ஒரு பெண்கள் பள்ளியில் இரண்டு வருஷம் பாடம் நடத்தியவள். பிளஸ் ஒன் பெண்கள் கத்திக்கொண்டிருக்கும் வகுப்புக்குள் போய்ச் சாக்பீஸை எடுத்துப் பேசாமல் நின்றால் போதும், வகுப்பு அடங்கிவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணசுந்தரத்தைக் கட்டிக்கொண்டு அல் கோபார் வந்தாள். அவர் கம்ப்ரசர் விற்கும் கம்பெனியில் சர்வீஸ் என்ஜினியர். குரல் உயர்த்த மாட்டார், சிகரெட் கிடையாது, காய்கறி வாங்கப் போனால் கொத்தமல்லியைக்கூட மறக்காமல் வாங்கி வருவார். தங்கமான மனுஷன் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். தங்கம் என்றால் உரசிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்பது தெரிந்தவர்களும் அப்படியேதான் சொன்னார்கள்.

பெண்கள் கார் ஓட்டக் கூடாது, தனியாக வெளியே போவது சிரமம், சினிமா தியேட்டர் என்று ஊரில் ஒன்று கூடக் கிடையாது. எதைக் கேட்டாலும் 'மம்னூ'. தடை என்பதற்கு அரபியில் அதுதான் வார்த்தை. ஷியாமளா கற்றுக்கொண்ட முதல் அரபுச் சொல்லும் அதுவே. மாடியில் துணி காயப்போடக் கூட மம்னூ என்று கட்டடத்துக்காரர் ஒரு பலகை மாட்டியிருந்தார்.

இப்படி இருக்கையில்தான் எதிர் ஃபிளாட் நளினி ஒரு சேதி கொண்டுவந்தாள். அவள் ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர். இயற்பியலுக்கு ஆள் இல்லாமல் அங்கே தவிக்கிறார்கள் என்றாள். ஷியாமளா போய்ப் பாடம் நடத்திக் காட்டினாள். தலைமை ஆசிரியைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கல்யாணசுந்தரத்துக்கு விசா கொடுத்த கஃபீல், அதாவது கம்பெனி முதலாளி மக்தூம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். கல்யாணசுந்தரம் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனார். ஷியாமளா அன்றைக்கே பீரோவிலிருந்து காட்டன் புடவைகளை எடுத்துக் கஞ்சி போட்டாள்.

வாரக் கடைசியில் அவர் ஷூவைக் கழற்றிவிட்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். "மக்தூம் மம்னூன்னுட்டார் ஷியாமளா. எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். மாஃபி, கலாஸ், கிடையாது, அவ்வளவுதான்னு தாளைத் தூக்கிப் போட்டுட்டார்" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஷியாமளாதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, போனால் போகிறது விடுங்கள் என்று தேற்றினாள். உள்ளே போய்க் கஞ்சி போட்ட புடவைகளை மடித்து அடித்தட்டில் வைத்தாள். நளினியின் வீட்டுக்காரருக்கு வேறு கம்பெனி, வேறு கஃபீல். அவளுக்கு நல்ல ஆள் வாய்த்தார், நமக்கு இந்த மக்தூம் வாய்த்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

முகம் பார்த்தே இராத அந்த மனிதனை அன்றிலிருந்து அவள் வெறுத்தாள். ஒவ்வொரு ரமலானுக்கும் மக்தூம் வீட்டிலிருந்து பேரீச்சம்பழப் பெட்டி வரும். தோட்டத்துப் பழம், கடையில் கிடைக்காத ரகம் என்று கல்யாணசுந்தரம் மெச்சுவார். ஷியாமளா பிரித்துக்கூடப் பார்க்காமல் கட்டடக் காவல்காரரிடம் கொடுத்துவிடுவாள். அவளால் செய்ய முடிந்த போராட்டம் அவ்வளவுதான். பாவம், மக்தூமுக்கு அது தெரியவே தெரியாது.

அந்த வருஷமே அவள் மனசு தேறட்டும் என்று கல்யாணசுந்தரம் ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தார். இத்தாலிக்காரர்கள் எடுத்த பழைய பேய்வீட்டுப் படம், ஆங்கிலத்தில் பேசியது. ஏரிக்கரையில் ஒரு பெரிய மாளிகை. அங்கே புதுப்பெண் ஒருத்தி கல்யாணமாகி வருகிறாள். சிவப்புத் திரைச்சீலைகள், நீல வெளிச்சம், முடிவே இல்லாத மாடிப்படி. அவள் வெளிவாசலுக்குப் போகும்போதெல்லாம் கதவு பூட்டிக்கிடக்கும். சுவரில் தட்டுகிற சத்தம் கேட்கும். கணவன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்துப்போன என் அம்மாவுக்கு யாரும் வெளியே போவது பிடிக்காது, இந்த வீடுதான் கதவைப் பூட்டுகிறது, நான் என்ன செய்வேன்" என்று கலங்குவான். மாமியார் பேய்! நமக்கு இது புதிதா என்ன?

படத்தில் பேய் ஒரு தடவைகூடக் கண்ணில் படாது. ரத்தம் இல்லை, கோரைப் பல் இல்லை. திரை லேசாக அசையும், மெழுகுவத்தி வளைந்து நிமிரும். அதைப் பார்த்தே கூட உட்கார்ந்திருந்த நளினி வீட்டார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஷியாமளாவுக்குப் பயமே வரவில்லை. அதற்குப் பதில் நிம்மதி வந்தது. பகல் பூராவும் இரண்டு அறைக்குள் நடந்து நடந்து அலுத்த அவளுக்கு, மெழுகுவத்தியோடு அத்தனை அறைகளில் நடக்கும் அந்தப் பெண் கூடப்பிறந்தவளாகத் தெரிந்தாள். கதவு திறக்காததற்கு அவள் காரணமில்லை, அவள் கணவனும் காரணமில்லை, வீடு அப்படி. ஷியாமளாவுக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. நம் வீட்டுக் கதைக்கும் இதே நியாயம்தானே என்று ஆறுதலாக இருந்தது. பேய்ப்படம் பார்த்து ஆறுதலடைந்த பெண்ணை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் கேசட்டில் முடிவு இல்லை. அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள், கீழே வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்கும், அதோடு திரையில் புள்ளி புள்ளியாக வந்துவிடும்.

"என்னங்க, மீதி எங்க?" என்று கேட்டாள்.

"சென்சார்ல வெட்டிட்டாங்க போல" என்றார் கல்யாணசுந்தரம்.

முழுசாகக் கிடைத்திருந்தால் அந்தப் படம் அவளோடு இத்தனை வருஷம் தங்கியிருக்காது. முடிவு இல்லாததால் அவள் அதை விடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கட்டடத்துப் பிள்ளைகளை எல்லாம் கூடத்தில் உட்காரவைத்துக் கதை சொல்வாள். கரும்பலகை இல்லாத குறைக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மாளிகையின் படம் வரைந்து காட்டுவாள். அந்தப் பிள்ளைகள்தான் அவளுக்கு வாய்த்த வகுப்பு. காலடிச் சத்தத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள். "அப்புறம் ஆன்ட்டி?" என்று எல்லாரும் கேட்பார்கள். "அப்புறம் சென்சார்" என்பாள். வீட்டில் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

மகள் சம்யுக்தா விடுவாளா? முடிவு சொல்லு என்று நச்சரிப்பாள். ஷியாமளாவும் வருஷத்துக்கு ஒரு முடிவு கட்டுவாள். காலடிச் சத்தம் அந்தப் பெண்ணின் தம்பியுடையது, கூட்டிப்போக வந்திருக்கிறான் என்பாள். இன்னொரு வருஷம், மாமியார் பேயே மனமிரங்கிக் கதவைத் திறந்துவிடும். கட்டிய கையோடு கணவரிடமும் சொல்லிப் பார்ப்பாள். "இப்படி இருக்குமோ?" என்பாள். பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் "இருக்கலாம்" என்பார் அவர்.

வருஷங்கள் ஓடின. பிள்ளைகள் படித்து வெளியே போனார்கள். ஊரில் தியேட்டர் வந்தது. பெண்கள் கார் ஓட்டினார்கள். ஷியாமளா தானும் கற்றுக்கொள்வதாகச் சொன்னபோது, "இனிமே எதுக்கு, வயசாச்சு" என்று கல்யாணசுந்தரம் அன்பாகச் சொன்னார். மம்னூ போன இடத்தில் வயசு வந்து உட்கார்ந்தது. இந்த வருஷம் அவர் ஓய்வு பெற்றார். இருவரும் ஒரேயடியாகக் கிளம்பித் திருச்சியில் கட்டிய வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சாமான் கட்ட உதவிக்கு சம்யுக்தா துபாயிலிருந்து வந்திருந்தாள்.

அவள்தான் போனில் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, உன் இத்தாலியன் படம். ரீஸ்டோர் பண்ணி நம்ம மால்லயே போடறாங்க. ஒன்லி ஒன் ஷோ. வா, உன் எண்டிங்கைப் பாத்துடலாம்."

மதியக் காட்சிக்கு இருவரும் போனார்கள். கல்யாணசுந்தரம் அட்டைப்பெட்டிகளுக்குப் பெயர் எழுதவேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அவ்வளவு பெரிய திரையில் அந்த மாளிகையைப் பார்த்ததும் ஷியாமளா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். தேய்ந்த கேசட்டில் பழுப்பாகப் பார்த்த திரைச்சீலை, ரத்தச் சிவப்பாகத் தொங்கியது. அந்தப் பெண் படியில் உட்கார்ந்தாள். கீழே காலடிச் சத்தம். ஷியாமளா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தது கணவன்தான். கதவு சாதாரணமாகத் திறந்தது. உள்ளே வந்தான், கோட்டைக் கழற்றி மாட்டினான். பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவை உள்ளேயிருந்து பூட்டினான். சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு சுவரோரமாகப் போய் விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டினான். குரலை நடுங்கவைத்துக்கொண்டு, "கேட்டாயா? அம்மா வந்துவிட்டாள்" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டான். அவள் மெழுகுவத்தியோடு ஓடிவந்து, பயந்துபோயிருக்கிற புருஷனை அணைத்துக்கொண்டாள். அவன் அவள் தோளுக்கு மேலாக, விளக்கு எரிகிற வீட்டை நிம்மதியாகப் பார்த்தான். படம் முடிந்தது. அவளுக்கு எதுவும் தெரியாமலே முடிந்தது.

வெளியே வந்து காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சம்யுக்தாவுக்குத்தான் அது முதலில் பட்டது. "ஆனா அம்மா, இதுல சென்சார் பண்ண என்ன இருக்கு? நோ கிஸ், நோ பிளட். ஒரு ஆள் கதவைப் பூட்டறான். இதை எதுக்கு வெட்டினாங்க?"

ஷியாமளா கோப்பையை மேஜையில் வைத்தாள். முப்பது வருஷமாக ஒரு நாள்கூட அந்தக் கேள்வி தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. எது இல்லை என்றாலும் சென்சார் என்று சொல்லிப் பழகிய நாக்கு, அதைத் தாண்டிக் கேட்கத் தெரியாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் சம்யுக்தாதான் கேட்டாள். கல்யாணசுந்தரம் மார்க்கர் பேனாவை மூடிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"சென்சாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க ஆபீஸ் பொன்னுச்சாமி வீட்ல ரெண்டு விசிஆர் வெச்சு காப்பி எடுத்தோம். கடைசில வரும்போது ஷார்ஜால மேட்ச் ஆரம்பிச்சிடுச்சு. சட்டுனு நிறுத்திட்டோம். இதுக்குப் போய் உங்கம்மா கோச்சுப்பாளேன்னு சென்சார் மேல போட்டேன். அவளும் நம்பிட்டா."

சம்யுக்தா "அப்பா, யூ ஆர் டூ மச்" என்று சிரித்தாள்.

"அப்ப உங்களுக்கு முடிவு தெரியுமா?" என்று ஷியாமளா கேட்டாள்.

"தெரியாம என்ன? காப்பி எடுக்கறதுக்கு முன்னாடியே பார்த்தாச்சே. புருஷன்தானே எல்லாம்."

"நான் ஒவ்வொரு தடவையும் ஒரு முடிவு சொல்லுவேனே. இருக்கலாம்னீங்களே."

"நீ ஆசையாச் சொல்லுவே. அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்?"

அவர் நிஜமாகவே நல்லது செய்த முகத்தோடுதான் சொன்னார். கேசட் போனால் போகட்டும். எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய்! அவள் கோபித்துக்கொள்வாள் என்று ஒரு சின்னப் பயம், அவ்வளவுதான், அதற்கு ஓர் அரசாங்கத்தையே கொண்டுவந்து குறுக்கே நிறுத்திவிட்டார். ஊரே அவருக்குச் சாட்சியாக நின்றது. கறுப்பு மை பூசிய ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்? அப்படியென்றால் வேறு எதெல்லாம் இவர் வெட்டியது, எதெல்லாம் ஊர் வெட்டியது? சட்டைப் பையில் நாலாக மடித்துப் போன அந்தத் தாள் அவள் கண்முன் வந்து நின்றது.

மறுநாள் காலை கல்யாணசுந்தரம் வழியனுப்பு விருந்துக்கு ஆபீஸ் போன பிறகு, அவள் சதக்கத்துல்லா பாயைப் போனில் கூப்பிட்டாள். கீழக்கரைக்காரர். கம்பெனியில் விசா, இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதி என்று எந்தத் தாளானாலும் முதலாளியிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தது அந்தக் காலம் முழுக்க அவர்தான். இப்போது பக்கத்துத் தெருவில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார்.

நலம் விசாரித்துவிட்டு, ஷியாமளா குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "பாய், நான் ஸ்கூல்ல சேர்றதுக்குக் கையெழுத்துக் கேட்டு சார் ஒரு தாள் குடுத்தாரே, ஞாபகம் இருக்கா? முதலாளி ஏன் அப்ப முடியாதுன்னார்?"

"ஸ்கூலுக்கா? நீங்களா? அப்படி ஒரு தாளு நம்ம கைக்கு வரவே இல்லையேக்கா."

"சார் நேரா முதலாளிகிட்டக் கேட்டிருப்பாரோ?"

"நேராக் கேட்டாலும் அரபில டைப் அடிக்க நம்மகிட்டத்தானே அனுப்புவாவ. ஜுபைல் பிராஞ்சுல ரெண்டு பேர் வீட்டம்மாவுக்கு நானே வாங்கிக் குடுத்திருக்கேன். மக்தூம் படிக்கக்கூட மாட்டாரு, டீச்சர்னா உடனே போட்டுருவாரு. அவர் வீட்டம்மாவே டீச்சருதானே." பிறகு அவரே கேட்டார். "ஏங்க்கா, அப்ப முடியாதுன்னா சொன்னாவ?"

"இல்ல பாய், சும்மா கேட்டேன்" என்று போனை வைத்தாள்.

அவளால் அழக்கூட முடியவில்லை. யாரை நினைத்து அழுவது? அன்றைக்குக் கண் கலங்கி உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுத்தது இந்தக் கைதானே. சுவரைத் தட்டியவனையே அணைத்துக்கொண்ட அந்தப் பெண்ணின் மேல் நேற்று தியேட்டரில் அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. இன்றைக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் பையில் கையை விட்டுப் பார்க்கவேண்டாமா?

மதியம் கல்யாணசுந்தரம் மாலையும் கேடயமுமாக வந்தார். கையில் மரப்பெட்டி ஒன்று. "மக்தூம் தானே வந்திருந்தார், இந்த வயசுல. உனக்குன்னு தனியாக் குடுத்தார். பேரீச்சை. நீ தொட மாட்டேன்னு அவருக்குத் தெரியுமா என்ன" என்று சிரித்துக்கொண்டே சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு ஷூவைக் கழற்றினார்.

"அந்த ஸ்கூல் தாளை நீங்க குடுக்கவே இல்லயா?"

அவர் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். ஷூவின் நாடா அவிழ அவ்வளவு நேரம் ஆகாது. "யார் சொன்னா?" என்றார்.

"குடுத்தீங்களா, இல்லையா?"

"அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை ஷியாமளா." நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் நகராமல் நின்றாள். சாக்பீஸ் மட்டும்தான் கையில் இல்லை. அவருக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. "சைட்ல வெயில்ல நின்னுட்டு வருவேன். வந்து பெல் அடிச்சா நீ வந்து திறக்கணும், வீட்ல லைட் எரியணும்னு இருந்துது. வேற ஒரு கெட்ட எண்ணமும் இல்ல. வேண்டாம்னு நான் சொன்னா உனக்கு என் மேல வருத்தம் வரும். அவர் சொன்னதா இருந்தா..."

"அவர் மேல வரும்" என்று ஷியாமளா முடித்தாள்.

உள்ளறையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்த சம்யுக்தா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

ஷியாமளா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மரப்பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி மூடியைத் திறந்தாள். பளபளவென்று கறுத்த பழங்கள். ஒன்றை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். எவ்வளவு நல்ல பழம். முப்பது ரமலான் அதைத் தொடாமலே போயிற்று. கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"சம்யு திரும்பிப் போகும்போது நானும் துபாய் போறேன்" என்றாள். "திருச்சிக்கு நீங்க மட்டும் போங்க."

கல்யாணசுந்தரம் அவளையே பார்த்தார். "போய்... எத்தனை நாள்? வீட்டுக்கு எப்ப வருவே?"

"கஃபீலைக் கேட்டுச் சொல்றேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சிறுத்துப்போயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், பெட்டியின் பக்கம் கையை நீட்டினார். ஷியாமளா மூடியைப் போட்டு, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"மம்னூ" என்றாள்.